சொன்ன தள்ளுபடி பில்லில் இல்லை: யாரிடம் முறையிடுவது?

எங்கள் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒரு செல்பேசி நிறுவனத்தின் கடை ஊழியர் சொன்னதை நம்பித் தம் எண்ணையும் கணவர், மகன் எண்களையும் அந்த நிறுவனத்துக்கு போர்ட் செய்தார். குடும்ப போஸ்ட்பெய்டு திட்டம். 12 மாதங்களுக்கு மாதம் 150 ரூபாய் தள்ளுபடி என்று விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் ஊழியர் பேனாவால் எழுதியே கொடுத்தார். முதல் பில்லில் தள்ளுபடி இல்லை. அடுத்த பில்லில் கழித்துவிடுவோம் என்றார்கள். அதிலும் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். “சிஸ்டத்துல அந்த ஆஃபர் காட்டலையேம்மா. எழுதிக் குடுத்தவரும் இப்ப வேலையில இல்லைங்க” என்று பதில் வந்தது. கஸ்டமர் கேரை அழைத்துப் புகார் எண் வாங்கினார். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. பில் தொகை மட்டும் அப்படியே இருந்தது.

ஆண்டுக்கு 1,800 ரூபாய். கழிக்காத தொகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்துவிடுவதால் அவருக்கு உண்மையான இழப்பு 2,124 ரூபாய். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனால் வக்கீல் வைத்து வழக்காட முடியாத அளவுக்குச் சின்னத் தொகை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செல்பேசி நிறுவனங்கள் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன.

இதைக் கவனக்குறைவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவின் 239 ரூபாய் திட்டம் 299 ரூபாய் ஆனது. அந்த உயர்வு கோடிக்கணக்கான இணைப்புகளுக்கு ஒரே இரவில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்குக்கூடப் பழைய விலை தவறுதலாக நீடித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஏற்றும்போது பிசகாத அதே கணினி, இறக்க வேண்டிய 150 ரூபாயை மட்டும் மாதக்கணக்கில் கண்டுகொள்ளாதா?

சரி, எங்கே போய் முறையிடுவது? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி முதல் படி நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தீராவிட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்; அது 39 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேல்முறையீட்டு அதிகாரியை நியமிப்பதும் அதே நிறுவனம்தான். அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் உண்டு; முடிவெடுப்பவர் நிறுவனம் அமர்த்தியவர். நேராக டிராய்க்கே எழுதலாமா என்றால், தனிநபர் புகார்களை விசாரிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று அந்த ஆணையமே தெளிவாகச் சொல்கிறது. வரும் புகார்களை நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பதோடு அதன் வேலை முடிகிறது. தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கென்றே அமைந்த டிடிசாட் தீர்ப்பாயமும் தனிநபர் நுகர்வோர் புகாரை ஏற்பதில்லை.

நீதிமன்ற வரலாறு இதைவிட வேதனையானது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, தொலைபேசிக் கட்டணத் தகராறுகள் நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்து நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் தப்பித்தன. அகமதாபாத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு மாத பில் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2013 நவம்பர்–டிசம்பர் பில் 24,609 ரூபாய் 51 காசு என்று வந்தது. அவர் 2014-இல் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். பில் சரியா தவறா என்பதற்குள் போகவே விடாமல், மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வோடபோன் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியது. நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்ற தீர்ப்பு 2022 பிப்ரவரி 16 அன்று வந்தது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முடிவு செய்யவே எட்டு ஆண்டுகள்!

இதையே வங்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடச் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். வங்கிகளுக்கு ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளர் 1995-இல் வந்துவிட்டார். காப்பீட்டுக்கு 1998-இல் வந்தார். மின்சாரத்துக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆவது பிரிவே வழிசெய்தது: முதலில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டில் மின் கட்டணத் தகராறு உள்ள ஒருவர் இன்றும் அந்தப் படியேறிப் போகலாம். உங்கள் கணக்கில் வங்கி 200 ரூபாயைத் தவறாகப் பிடித்தால், முதலில் வங்கிக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 2021 நவம்பரில் ஒருங்கிணைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் 20 லட்சம் ரூபாய் வரை இழப்பீடும், மன உளைச்சலுக்கு 1 லட்சம் வரை தனியாகவும் வழங்க முடிந்தது. புகார் ரிசர்வ் வங்கிக்குப் போகும் என்று தெரிந்தவுடன் பிடித்த பணத்தைத் திருப்பிப் போடும் கிளை மேலாளர்களை எனக்குத் தெரியும். குறைதீர்ப்பாளர் தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே அவருடைய இருப்பு வேலை செய்துவிடுகிறது.

115 கோடிக்கு மேல் இணைப்புகள் உள்ள செல்பேசித் துறைக்கு மட்டும் அப்படி ஒருவர் இல்லை. கேட்காமலா விட்டார்கள்? 2004-லேயே டிராய் பரிந்துரைத்தது. 2017-இல் மறுபடியும் பரிந்துரைத்தது. 2018-ஆம் ஆண்டுத் தேசிய டிஜிட்டல் தொலைத்தொடர்புக் கொள்கையில் ‘தொலைத்தொடர்புக் குறைதீர்ப்பாளர் ஏற்படுத்தப்படுவார்’ என்று ஒன்றிய அரசே எழுதிவைத்தது. அந்தக் கொள்கையின் இலக்கு ஆண்டு 2022. அதுவும் கடந்து போயிற்று.

பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாமே, போட்டிதான் நுகர்வோருக்குப் பாதுகாப்பு என்கிறார்கள் நிறுவனங்களின் பக்கம் நின்று பேசுகிறவர்கள். இவர்கள் போர்ட் விதிகளைப் படித்ததில்லை போலும். ஒரு நிறுவனத்துக்கு வந்து 90 நாட்கள் ஆகாமல் வெளியேற முடியாது. 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலும் போர்ட் குறியீடு வராது. அதற்குள் மூன்று பில்கள் வந்துவிடும். போஸ்ட்பெய்டில் பாக்கி இருந்தாலும் மாற முடியாது. அதாவது, தவறான பில்லை எதிர்த்து நீங்கள் பணம் கட்டாமல் நின்றால் அதுவே உங்களைக் கட்டிப்போடும். கட்டிவிட்டு வெளியேறினால் தள்ளுபடி போனது போனதுதான். பொய் சொல்லி உள்ளே இழுத்தவர்களுக்குத் தண்டனை இல்லை, நம்பி வந்தவருக்கு 90 நாள் காவல். இதற்குப் பெயர் போட்டியா? இந்தியாவில் டேட்டா விலை மலிவு என்ற வாதத்துக்குப் பதில் சொல்லவே வேண்டியதில்லை. மலிவாக விற்பது ஏமாற்றுவதற்கு உரிமம் ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 115 கோடி இணைப்புகளில் ஆயிரத்தில் ஒன்றில் மட்டும் மாதம் 100 ரூபாய் இப்படிக் கழிக்கப்படாமல் போகிறது என்று வையுங்கள். மாதம் 11.5 கோடி ரூபாய், ஆண்டுக்கு 138 கோடி. இழந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு முறை போன் செய்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். அந்த ஓய்ந்துபோதலை நம்பித்தான் வாய்மொழிச் சலுகைகள் வாரி வழங்கப்படுகின்றன. குறைதீர்ப்பாளர் வந்தால் இந்த வருமானம் நிற்கும். அவர் வராமல் இருப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அதன் 30-ஆவது பிரிவு, வாடிக்கையாளர் தகராறுகளுக்கு இணையவழித் தீர்வு முறையை அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. 2024 ஜூன் 26 முதல் அந்தப் பிரிவு அமலில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரும் உரிமையை அது பாதிக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நல்லது. ஆனால் கொள்கையில் எழுதிய குறைதீர்ப்பாளர் என்ற பதவி சட்டத்தில் எங்கே போயிற்று? பெயரும் அதிகாரமும் உள்ள ஒரு மனிதர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இணையதளத்தை வைப்பது பின்வாங்கல். இந்த 30-ஆவது பிரிவு திருத்தப்பட்டு, குறைதீர்ப்பாளர் பதவி சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். நிறுவனங்களுக்குள் நடக்கும் மேல்முறையீட்டு நாடகத்தை அடியோடு ஒழிக்க வேண்டும். சலுகையை எழுத்தில் தராத நிறுவனம், வாடிக்கையாளர் சொல்லும் சலுகையையே உண்மையென ஏற்கக் கடமைப்பட்டது என்று விதி வர வேண்டும். ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்ற பதிலுக்கு அதோடு முடிவு வரும்.

அதுவரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. எண்ணை மாற்றும் முன்பே சலுகையின் தொகை, எத்தனை மாதம் என்பதை நிறுவனத்தின் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ கேட்டு வாங்குங்கள். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். ‘தகராறுக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்’ என்று எழுதிவிட்டுப் பில்லைக் கட்டுங்கள். இணைப்பும் துண்டிக்கப்படாது, உரிமையும் போகாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நீங்களே வாதாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அந்த ஆசிரியையும், பேனாவால் எழுதிய விளம்பரத் தாளை இணைத்து மனுவைத் தயார் செய்துவிட்டார்.

தொலைத்தொடர்பு ஒன்றியப் பட்டியலில் உள்ள துறை. சென்னையில் இருந்து இதைச் சரிசெய்ய முடியாது. எனவே தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களிடமும் ஒரே கோரிக்கை: 2018-இல் ஒன்றிய அரசு எழுதிக் கொடுத்த தொலைத்தொடர்புக் குறைதீர்ப்பாளர் எங்கே என்று அடுத்த கூட்டத்தொடரிலேயே அவையில் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.