முட்டுக் கொடுப்பது எப்படி?

'முட்டு' என்றதும் கட்சி, கூட்டணி, பேஸ்புக் சண்டை என்று போய்விடாதீர்கள். நான் சொல்வது நிஜ முட்டு. கையில் இருக்கும் சாமான் ஆடாமலிருக்க அடியில் கொடுக்கிற முட்டு.

ஒரு சின்ன சோதனை. மானேஜர் பார்க்காத நேரமாகப் பார்த்து, டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஒரு கையை நேராக நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐம்பது எண்ணுவதற்குள் தண்ணீர் டான்ஸ் ஆட ஆரம்பித்துவிடும். நீங்கள் மோர் தவிர வேறொன்றும் தொடாத உத்தமராக இருந்தாலும் சரி. மூச்சு, நாடித் துடிப்பு, தசையின் அசதி மூன்றும் சேர்ந்து ஆட்டி வைக்கும். இதற்கு விதிவிலக்கு சினிமா ஹீரோ மட்டும்தான். அவர் ஓடுகிற குதிரைமேல் உட்கார்ந்து, ரிவால்வரால் தூக்குக் கயிற்றை அறுப்பார்.

நிஜக் கணக்கு வேறு. கைத்துப்பாக்கியில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி, குழலின் முனையில் ஒரு குறி. இரண்டுக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 25 மீட்டர் தூரத்தில் குண்டு 16 சென்டிமீட்டருக்கு மேல் விலகிப் போகும். 100 மீட்டரில் இரண்டு அடிக்கு மேல்! ரைஃபிளில் இந்த இடைவெளி 60 சென்டிமீட்டர் என்றால் தப்பும் கால்வாசியாகக் குறைந்துவிடும்.

இந்தக் கஷ்டம் தெரிந்தும் கைத்துப்பாக்கியோடு மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. பல மாநிலங்களில் சட்டம் அனுமதிக்கிறது. 'டர்ட்டி ஹாரி' படத்தில் (1971) க்ளின்ட் ஈஸ்ட்வுட் பெருமையடித்துக்கொள்ளும் .44 மேக்னம் அங்கே வேட்டைக்கும் உபயோகம். ஹாரி முட்டு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நிஜ வேட்டைக்காரர் வைத்துக்கொள்கிறார், அதுவும் வீட்டிலேயே செய்து. கிழிந்த ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, மணல் நிரப்பித் தைத்தால் ஒரு முட்டு. இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறி மாதிரி சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டினால் இன்னொன்று.

இதிலும் சாஸ்திரம் இருக்கிறது. குழலைக் கட்டையிலோ பாறையிலோ நேராக வைக்கக்கூடாது. வெடித்த வேகத்தில் எகிறி, குண்டு இடம் மாறிவிடும். மெத்தென்ற பையின்மேல் கையும் பிடியும்தான் உட்கார வேண்டும். ரிவால்வரில் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. சுடும்போது அதன் வழியே சூடான வாயு பீறிடும். அங்கே பை இருந்தால் பொசுங்கும். விரல் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, முட்டு கிடைக்கவில்லையா, சுடாதே. தப்புப் பண்ணுவது கை. நொண்டிக்கொண்டு ஓடுவது மான்.

நம்மூரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் வந்த திருத்தமும் சேர்ந்து வேட்டைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. துப்பாக்கி போய்விட்டது. ஆனால் அந்த ஜீன்ஸ் கால் பை இருக்கிறதே, அது வேலையை மாற்றிக்கொண்டு கேமராவுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மனிதர்களும் இப்படிக் கட்சி மாறியிருக்கிறார்கள். சலீம் அலி பத்து, பன்னிரண்டு வயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சளாக ஏதோ இருந்தது. 'இது என்ன குருவி?' என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். இந்தியாவின் பறவை மனிதரானார். நம்ம மா. கிருஷ்ணன் (1912-1996) இன்னும் ஒரு படி மேலே. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒட்டுப்போட்ட கேமராவால் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். வீட்டில் செய்தது என்று யாரும் அந்தப் படங்களைக் குறைத்து மதிப்பிடவில்லை.

இப்போது கட்டுமாவடிக்கு வாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு இந்த ஊர் என்றால் மீனும் நண்டும்தான். பேரம் முடிந்ததும் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். பனிக்காலத்தில் கொஞ்சம் கரைப் பக்கம் போய்ப் பார்த்தால், சேற்றில் பொடிப் பொடியாக ஏதோ ஓடும். கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் சில்லறை அளவுதான். பிறந்த ஊர் ஆர்க்டிக் பக்கம், சைபீரியாவின் வடகோடி. பாஸ்போர்ட் இல்லாமல் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் பாக் ஜலசந்திக்கு வருகிறது. கிழக்கே அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை தாண்டி கோடியக்கரையில், இதுமாதிரி விருந்தாளிகளுக்குக் காலில் வளையம் மாட்டிக் கணக்கெடுத்தது அதே பம்பாய்க் கழகம்தான்.

இதைப் படமெடுக்க முட்டு வேண்டும். 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் 1/400 செகண்டாவது இருக்க வேண்டும் என்பது ஃபிலிம் காலத்து விதி. சாயங்கால வெளிச்சத்தில் அது நடக்காது. மொபைலில் ஜூம் பண்ணுகிறவர்களுக்கும் இதே அவஸ்தைதான்.

செய்முறை: பழைய ஜீன்ஸை முழங்காலுக்குக் கீழே வெட்டுங்கள். (மனைவி 'பழையது' என்று ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும்.) ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு மூடுங்கள். உள்ளே முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் தலையணை. லென்ஸ் உருண்டு ஓடும். முக்கால் என்றால் நடுவில் குழி விழுந்து கவ்விக்கொள்ளும். எதை நிரப்புவது? மணல் கூடாது, தையல் வழியே கசிந்து லென்ஸைத் தின்றுவிடும். உமி ரொம்ப லேசு. அரிசி ஜோர், ஆனால் கடல் காற்றில் ஈரம் ஏறி வண்டு வைக்கும். என் ஓட்டு வெயிலில் காய்ந்த புளியங்கொட்டைக்கு. பஸ்ஸில் போகிறவர்கள் வெறும் பையைக் கொண்டுபோய், ஊரில் அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். திரும்பி வந்து பொங்கிச் சாப்பிட்டுவிட்டால் கணக்கு நேர்.

அப்படி ஒரு பையோடு கட்டுமாவடிக் கரையில் குப்புறப் படுத்திருந்தபோது ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"என்னா தம்பி, வயித்து வலியா?"

"இல்லண்ணே, போட்டோ. அந்த உள்ளான்."

"கிட்டப் போயி எடுக்க வேண்டியதுதானே?"

"பறந்துடுமேண்ணே."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீயும் தூண்டில்காரன் மாதிரித்தான். ஆடாமக் கெட."

முழுப் பாடமும் அதில் அடக்கம். அந்தக் குருவி சேற்றில் ஓடி ஓடிக் கொத்துவது பொழுதுபோகாமல் அல்ல. வடக்கே திரும்பும் பயணத்துக்கான கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நாம் இன்னும் பத்தடி கிட்டப் போனால் நமக்குக் கொஞ்சம் பெரிய படம்; அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு நஷ்டம். கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டு வீடியோ எடுக்கும் வீரர்கள் கவனிக்க. துப்பாக்கிக்காரரின் விதி இங்கேயும் செல்லும். தூரத்திலிருந்து ஆடாமல் எடுக்க முடியவில்லையா, எடுக்காதே. நம் அவசரத்துக்கு பில் கட்டுவது 25 கிராம் ஆசாமி.

பையைத் தட்டி மடித்துக்கொண்டு கிளம்புங்கள். நல்ல முட்டுக்கு ஒரே ஒரு லட்சணம்தான்: படத்தில் அது தெரியவே தெரியாது.

அரசியல் முட்டுகளுக்கும் இதைச் சொல்லலாம். கேட்கவா போகிறார்கள்!