நிற்க இடமில்லை, காக்கச் சட்டமில்லை!

உழைத்து உண்பவனின் உயிரைக் காக்கும் பொறுப்பு யாருடையது? அவனுடையதா? அவனை வேலை வாங்கும் முதலாளியினுடையதா? அவன் உழைப்பால் வளரும் அரசினுடையதா? இக்கேள்விக்கு விடைகூறாது நழுவும் அரசு, எத்துணைப் பெரிய வல்லரசாயினும் அறத்தின்முன் சிறியதே. அமெரிக்க நாட்டுச் சரக்குந்து ஓட்டுநர்கள் தற்காப்புக்கெனத் துமுக்கி (துப்பாக்கி) வைத்துக்கொள்வது பற்றி அங்கு நெடுங்காலமாக நடந்துவரும் சொற்போர் இவ்வுண்மையையே நமக்குக் காட்டுகின்றது.

2009 மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கு மாநிலத்து ஓட்டுநர் ஒருவர் தென் கரோலினா மாநிலத்திற்குப் பால் ஏற்றிச் சென்றார். குறித்த நேரத்திற்கு முன்பே சேரிடத்தை நெருங்கிவிட்டார். முன்னதாகச் சென்றால் உள்ளே விடமாட்டார்கள். நிற்க வேறிடம் இல்லாமையால், கைவிடப்பட்ட கன்னெய் விற்பனை நிலையம் ஒன்றில் சரக்குந்தை நிறுத்தி உறங்கினார். அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் கொண்டுபோன பணம் 7 தாலர்! வீட்டில் அவர் மனைவி இரட்டைக் குழந்தைகளைக் கருவுற்றிருந்தார். ஓர் உழைப்பாளியின் உயிர் 7 தாலருக்குப் போயிற்று.

இத்தகைய சாவுகளைக் கேட்ட ஓட்டுநன், “என் உயிரை நானே காத்துக்கொள்கிறேன், துமுக்கி வைத்திருக்க விடுங்கள்” என்று கேட்கின்றான். பெரும் சரக்குந்து ஓட்டுவோர் அந்நாட்டில் 20 இலக்கத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலர் வாரக்கணக்கில் வண்டிக்குள்ளேயே உண்டு உறங்கி வாழ்பவர்கள். அவர்களின் கேள்வியை வெறும் முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட இயலாது.

அந்நாட்டுச் சட்டம் என்ன சொல்கின்றது? படைக்கலம் வைத்திருக்கும் உரிமையை 1791-இல் நிறைவேறிய அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் உறுதி செய்கின்றது. ஆனால் அவ்வுரிமையைப் பயன்கொள்ளும் முறையை வகுப்பவை மாநிலங்கள். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் பெறாமலேயே கைத்துமுக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். வேறு சிலவற்றிலோ உரிமமின்றி வைத்திருந்தால் கடுஞ்சிறை. ஒரு மாநிலம் தந்த உரிமத்தை இன்னொரு மாநிலம் ஏற்றே ஆகவேண்டும் என்னும் கட்டாயமில்லை. நியூயார்க்கின் உரிமக் கட்டுப்பாட்டை 2022-இல் உச்ச வழக்குமன்றம் செல்லாததாக்கிய பின்னரும் இந்நிலை மாறவில்லை. ஆகவே, காலையில் குற்றமற்றவனாய்ப் புறப்பட்ட ஓட்டுநன், ஒரு பாலத்தைக் கடந்த அளவிலேயே மாலையில் குற்றவாளியாகின்றான்!

இது கற்பனையன்று. 2013-இல் பென்சில்வேனியா உரிமம் பெற்ற பெண்ணொருத்தி நியூ செர்சி மாநிலத்திற்குள் தம் ஊர்தியில் சென்றார். காவலர் நிறுத்தியபோது, துமுக்கி இருப்பதைத் தாமே எடுத்துரைத்தார். அந்த உண்மைக்குக் கிடைத்த பரிசு தளைப்படுத்தலும், மூன்றரை ஆண்டுக் கட்டாயச் சிறையின் அச்சமும்! 2015-இல் மாநில ஆளுநர் மன்னித்த பின்னரே அவருக்கு முழு விடிவு பிறந்தது.

மாநிலங்களைக் கடந்து செல்வோரைக் காக்க 1986-இல் நடுவணரசு ஒரு சட்டம் இயற்றியது. புறப்படும் இடத்திலும் சேருமிடத்திலும் சட்டப்படி துமுக்கி வைத்திருக்க உரிமையுள்ளவன், இடைப்பட்ட மாநிலங்களின் ஊடே அதனைக் கொண்டு செல்லலாம். ஆனால் அதனுள் குண்டு இருத்தல் கூடாது. துமுக்கியோ குண்டோ கைக்கெட்டும் இடத்தில் இருத்தலும் கூடாது. தனிச் சரக்கறை இல்லாத ஊர்தியாயின் பூட்டிய பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். நள்ளிரவில் கதவை உடைப்பவனை, “சற்றுப் பொறு, பெட்டியைத் திறந்து குண்டு போட்டுக்கொள்கிறேன்” என்று ஓட்டுநன் கேட்டுக்கொள்வதா? பொருளைக் கொண்டுசெல்லக் காப்பளித்த சட்டம் ஆளைக் காக்க வழிசெய்யவில்லை.

அக்காப்பும் உறுதியானதன்று. 2005-இல் வானூர்திப் பயணி ஒருவர் இணைப்பு ஊர்தியைத் தவறவிட்டு நியூ செர்சியில் ஓரிரவு தங்க நேர்ந்தது. துமுக்கி இருந்த பெட்டி அவரிடம் வந்தது. மறுநாள் நிலையத்தில் தாமே அதனை எடுத்துரைத்தார், தளைப்படுத்தப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டுக் கைவிடப்பட்டது. எனினும் அவர் தொடுத்த வழக்கில், அன்றிரவு பெட்டி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்தமையால் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காவாது என்று 2010-இல் மேல்முறையீட்டு வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. ஓரிரவு தங்கியவர்க்கே இந்நிலையென்றால், இரவெல்லாம் வழியிலேயே தங்குபவனின் நிலை என்ன?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பணியிலுள்ள காவலரும் தகுதிபெற்று ஓய்வுபெற்ற காவலரும் நாடு முழுவதும் துமுக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 2004-இல் தனிச் சட்டமே பிறந்தது. பொதுமக்களின் உரிமங்களை எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்னும் முன்வரைவோ, 2017 திசம்பரில் கீழவையில் நிறைவேறியும் மேலவையைத் தாண்டவில்லை. இதற்கிடையில், நிறுவனங்கள் பல தம் வண்டிகளில் துமுக்கியே கூடாதென்று தடுத்துள்ளன. படைத்துறைத் தளங்களுக்குச் சரக்குக் கொண்டு செல்பவனுக்கோ வாயிலிலேயே தடை.

அங்ஙனமாயின் எல்லா ஓட்டுநர்க்கும் துமுக்கி தந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது என்பதே நம் கருத்து. உறங்குபவனுக்குத் துமுக்கி உதவாது. சினங்கொண்டவன் கையிலோ அது பெருங்கேடாகும். சாலையில் ஓட்டுநரை மிகுதியாகக் கொல்பவை கொள்ளையரல்லர், ஊர்தி மோதல்களே என்பதையும் மறத்தல் ஆகாது.

சிக்கலின் வேர் வேறிடத்தில் உள்ளது. 11 மணி நேரத்திற்குமேல் ஓட்டக் கூடாது, பின்னர்ப் 10 மணி நேரம் ஓய்வு கொள்ளவேண்டும் என்று நடுவணரசே ஆணையிட்டுள்ளது. நல்ல ஆணைதான், களைத்தவன் ஓட்டினால் பலர் மாள்வர். 2017 திசம்பர் முதல் மின்பதிவுக் கருவி ஒவ்வொரு மணித்துளியையும் கணக்கெடுக்கின்றது. “நில்” என்று ஆணையிடத் தெரிந்த அரசுக்கு, “இங்கே நில்” என்று இடங்காட்டத் தெரியவில்லையே! கொலையுண்ட அவ்வோட்டுநர் மனைவியின் விடாமுயற்சியால், அவர் பெயரிலேயே 2012-இல் சட்டம் ஒன்று பிறந்தது. அதன்படி நடந்த முதல் ஆய்வில் ஓட்டுநருள் 75 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர், ஓய்வு வேண்டும்போது ஏதமற்ற நிறுத்துமிடம் கிட்டவில்லை என்றனர். 2019 ஆய்விலோ அவ்வாறு கூறியோர் 98 விழுக்காட்டினர்! ஆய்வு நடந்தது, இடம் போதவில்லை.

எனவே, செய்யவேண்டுவன தெளிவானவை. முதலாவது, ஒளியும் காவலும் உள்ள நிறுத்துமிடங்களை நெடுஞ்சாலைதோறும் அரசு அமைத்தல் வேண்டும். இரண்டாவது, சரக்கைப் பெறும் நிறுவனங்கள் முன்வந்த ஓட்டுநனை வெளியே துரத்தாது தம் மதிலுக்குள் நிற்கவிடுதல் வேண்டும். மூன்றாவது, துமுக்கியை இசைவதாயினும் தடுப்பதாயினும், ஒரே நெடுஞ்சாலையில் செல்பவனுக்கு ஒரே தெளிவான சட்டம் வேண்டும். நேர்மையாக உண்மை சொன்னவனைச் சிறைக்கு அனுப்புவது சட்டமன்று, கண்ணி.

துமுக்கி கேட்கும் ஓட்டுநன் உண்மையில் கேட்பது அச்சமற்ற ஓர் இரவின் உறக்கத்தையே. அதனைத் தரவியலாத அரசு, அவன் கையில் துமுக்கியைத் தந்தாலும் பறித்தாலும் தன் கடமையினின்று தவறியதேயாகும். ஒரு நாட்டுக்குப் பாலும் நெல்லும் சுமந்து செல்பவனுக்கு, அந்நாட்டில் தலைசாய்க்க ஓர் இடம் இல்லையென்றால், அவ்வரசின் வலிமை யாருக்காக?