பட்டுப்புழுவும் அதன் வீடும்

பட்டுக்கு ஆசைப்படாத குடும்பம் நம் நாட்டில் அரிது. அந்தப் பட்டைத் தரும் புழுவின் சுகதுக்கங்களைச் சிந்திப்போரோ அதனினும் அரியர்.

பிரான்ஸ் தேசத்தில் 1853-ஆம் ஆண்டில் சுமார் 2 கோடியே 60 லட்சம் கிலோகிராம் பட்டுக்கூடுகள் விளைந்தன. 1865-இல் அது சுமார் 40 லட்சமாகச் சுருங்கிற்று. புழுக்கள் நோயால் மடிந்தன, குடியானவர்கள் கதிகலங்கினர். நோயை ஆராயச் சென்ற லூயி பாஸ்டர் இரசாயன சாஸ்திரத்தில் வல்லவர். பட்டுப்புழுவை அதற்கு முன் அறியாதவர். அலேஸ் நகரில் பல்லாண்டு உழைத்து, நோய் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். 'பெப்ரீன்' என்பது தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியே இறங்கும் கிருமியால் வருவது. முட்டையிட்ட தாயை நுண்ணோக்கியில் பரிசோதித்து, கிருமி தென்பட்டால் அந்த முட்டைகளை அழித்துவிடும் முறையை அவர் வகுத்தார். இன்றும் அதுவே வழக்கம்.

மற்றொன்றாகிய 'பிளாச்செரி' அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. அதன் கிருமிகள் இலையிலும் புழுவின் குடலிலும் சாதாரணமாக இருப்பவை. ஆயினும் வெப்பம், நெரிசல், புளித்த ஈர இலை, காற்றோட்டமின்மை ஆகியவற்றால் தளர்ந்த புழுவையே அவை எளிதில் வென்றன. 1870-இல் வெளியிட்ட நூலில் பாஸ்டர் இதனை வற்புறுத்தினார்.

இப்பாடம் நமக்கும் உரியதே. பட்டு விளைவில் சீனத்துக்கு அடுத்த நாடு நம்முடையது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுவே ஜீவனம். வளர்ந்த புழுவுக்கு உகந்த வெப்பம் சுமார் 25 டிகிரி. கோடையில் வீடு கொதித்தால், உடலில் பதுங்கியிருந்த பால் நோய் தலையெடுக்கிறது. மழைக்காலத்து ஈரக்குளிரிலோ, புழு சுண்ணாம்புக் கட்டி போல் வெளுத்து இறுகிப்போகும் நோய் பரவுகிறது. பெரும்பாலும் இவை வெளிப்படுவது கூடு கட்டும் தறுவாயில். சுமார் 25 நாள் மல்பெரி இலை பறித்துப் போட்ட உழைப்பு முழுவதும் அன்றே பாழாகிறது.

விளைச்சல் பொய்த்தால் முட்டையையோ விதியையோ நோவது உலக வழக்கம். நல்ல முட்டை பாதிக் காரியந்தான். கூரைமேல் தென்னங்கீற்று, சாளரத்தில் நனைத்த கோணி, நெரிசலற்ற தட்டு, குளிர்ந்த காலையில் பறித்த இலை ஆகியவை மற்றொரு பாதி. தகரக் கூரையை மாற்ற வசதியற்ற ஏழைக் குடியானவனுக்கு, முட்டைக்குத் தரும் கடனைப் போலவே குளிர்ந்த வீட்டுக்கும் கடன் தருவது அவசியம் என்பது நம் துணிபு. கிருமியை உலகினின்று ஒழிப்பது நம்மால் ஆகாது. புழுவின் வீட்டைச் செம்மைப்படுத்துவது ஆகும்.