மார்பில் கட்டும் பால், மாற்று ஆள் இல்லாத வார்டு

இரவு பதினொரு மணி. வார்டில் மருந்து கொடுத்து முடித்த செவிலியருக்கு மார்பு கனக்கிறது. ஐந்து மாதக் குழந்தை வீட்டில் பாட்டியிடம் இருக்கிறது. சீருடைக்குள் மடித்து வைத்த கைக்குட்டை நனைந்துவிட்டது. பாலை எடுத்துவிட்டு வரலாம் என்று எழும்போது குரல் வருகிறது: "சிஸ்டர், டிரிப்ஸ் முடியப் போகுது."

அவர் எழுந்த காரணத்தைப் புரிந்துகொள்ள, பால் சுரக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்கவைக்கிறது. ஆக்ஸிடாசின் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். மார்பு காலியானால் மறுபடி ஊறும். பால் தேங்கினால் சுரப்பு குறையும். தேங்கிய பால் கட்டிக்கொண்டு வலிக்கும். சிலருக்கு அது மார்பு அழற்சியாகி, குளிர்க்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். புரோலாக்டின் இரவில்தான் அதிகம் என்பதால், இரவுப் பணியில் இடைவெளி தவறினால் இழப்பும் அதிகம். ஆக்ஸிடாசினோ பதற்றத்தில் தடைபடும். எப்போது கூப்பிடுவார்களோ என்று கதவைப் பார்த்துக்கொண்டே பீய்ச்சினால் பால் சரியாக இறங்காது.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு தந்தது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்குப் பின்னால் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதத்துக்குச் சற்று அதிகம். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்கிறது உலக சுகாதார நிறுவனம். செவிலியர்கள் பிரசவ வார்டில் மற்ற தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். தமிழக அரசின் நிரந்தர ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு உண்டு. தனியார் மருத்துவமனையில் இருப்பவருக்கு அது கிடையாது.

வேலைக்குத் திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வுக்கு மேல் தினமும் இரண்டு பாலூட்டும் இடைவெளிகள் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஆனால் பகலில் மட்டும் திறந்திருக்கும் காப்பகம் இரவுப் பணிக்கு உதவாது.

இடைவெளி ஏட்டில் இருந்தும் ஏன் கைக்கு வருவதில்லை? அலுவலகக் கோப்பு அரை மணி நேரம் காத்திருக்கும். நோயாளி காத்திருக்க மாட்டார். வார்டை விட்டு நகர வேண்டுமானால் எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து, யாருடைய டிரிப்ஸ் எப்போது முடியும், யாருக்கு பிரஷர் இறங்குகிறது என்று இன்னொருவரிடம் சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். பிறகு கை கழுவி, ஏப்ரன் கழற்றி, பால் எடுத்து, பம்ப்பைக் கழுவித் திரும்ப அரை மணி நேரம் ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவரும் தன் நோயாளிகளோடு திணறிக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்கவே மனம் வராது. அதனால் தள்ளிப்போடுகிறார்கள்.

எடுத்த பாலை வைக்க இடம் தேடுவது அடுத்த பாடு. 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வார்டு ஃபிரிட்ஜ் மருந்துக்கானது. அதில் பால் வைப்பது முறையல்ல. தனியாக ஒரு சிறிய ஃபிரிட்ஜும், உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற ஓர் அறையும் போதும். பெரிய செலவில்லை.

ஆனால் அறை மட்டும் இருந்து, வார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அது பூட்டியே கிடக்கும். பணிப்பட்டியலில் வார விடுமுறையைக் குறிப்பதுபோல, பால் எடுக்கும் நேரத்தையும் அந்த அரை மணிக்கு வார்டில் நிற்பவர் பெயரையும் முன்கூட்டியே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. அப்போது அந்தச் செவிலியர் யாரிடமும் தயங்கிக் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.