பேரைப் பார்க்காதீங்க, பொருத்தத்தைப் பாருங்க!



நம் சுவர் இதழில் மரம் வளர்ப்போம், நேரம் தவறாமை, தண்ணீர் சிக்கனம் என்றுதான் கட்டுரை வரும். போன தடவை நானும் தண்ணீர் சிக்கனம்தான் எழுதினேன். இந்தத் தடவை கேம் விளையாடுற கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப் போறேன். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இது 35,000 ரூபாய் விஷயம்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிடறேன். எங்கம்மா வீட்டில் தையல் மெஷின் வெச்சு ஜாக்கெட் தைக்கிறாங்க. அதில் மிச்சம் பிடிச்சு சீட்டுப் போட்டு எடுத்தது 20,000. அண்ணன் ப்ளஸ் டூ முடிச்ச லீவில் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போய்ச் சேர்த்தது 15,000. இப்போ அவன் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம். அவனுக்குப் புரோகிராம் எழுதவும் வேணும், கேம் விளையாடவும் வேணும். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் விளையாடணும். அதை மறைச்சு எழுதினா இந்தக் கட்டுரைக்கே மரியாதை இல்லை.

என் கருத்து இதுதான்: கம்மிப் பணத்தில் கம்ப்யூட்டர் வாங்குறவங்க பிராசஸரைத் தனியாகவும் மதர்போர்டைத் தனியாகவும் பார்க்கக் கூடாது. இரண்டையும் ஜோடியாகத்தான் பார்க்கணும். அதிலும் போர்டைக் கடைசியில் மிச்சக் காசில் வாங்கவே கூடாது.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் பெரியப்பா வீட்டில். பெரியப்பா மகன் போன வருஷம் 18,000 ரூபாய்க்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினான். "ஐ7 கேமிங் கம்ப்யூட்டர்" என்று சொல்லித்தான் கொடுத்தாங்க. கலர் கலரா லைட் எரியும். நாங்க எல்லாம் வரிசையில் நின்னு பார்த்தோம். உள்ளே இருந்தது ஐ7-3770. அது 2012இல் வந்த பிராசஸர். போர்டு அதைவிடப் பழைய வகை, எச்61. ஏழே மாசத்தில் போர்டு போயிடுச்சு. பிராசஸர் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதை உட்கார வைக்க இடம் இல்லை. புதுத் தலைமுறைப் போர்டு எதிலும் அது பொருந்தாது. இப்போ அந்த ஐ7 பெரியப்பா வீட்டு டிவி ஸ்டாண்டில் ஒரு சின்ன டப்பாவுக்குள் தூங்குது. 18,000 ரூபாயும் அதோடு தூங்குது.

ஐ7 என்றால் ஐ3யைவிட எப்பவும் பெரிசு என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது தப்பு. 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100 பிராசஸருக்கும் நாலு கோர், எட்டு த்ரெட். அந்தப் பழைய ஐ7க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனா ஒரு கோர் செய்யும் வேலையில் புது ஐ3 ரொம்ப முன்னால் நிற்கும். போதாததுக்கு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிஞ்சது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தின பிராசஸர்கள், ஒரு சிலதைத் தவிர, விண்டோஸ் 11க்கான பட்டியலிலேயே இல்லை. 3770 என்பது மூன்றாம் தலைமுறை. அதனால ஐ7 என்ற முன்பகுதியை மட்டும் பார்க்காதீங்க, பின்னால் வரும் எண்ணையும் பாருங்க.

அடுத்தது சாக்கெட். பிராசஸர் போர்டில் உட்காரும் இடத்துக்கு அதுதான் பேர். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ1700. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4. ரைசன் 7000 முதல் ஏஎம்5. ஒன்றுக்கான பிராசஸர் மற்றதில் உட்காராது. ரேமும் அப்படித்தான். ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 மட்டும். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700இல் போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

எங்கம்மா மெஷினை வெச்சு யோசிச்சா எனக்கு இது சுலபமாப் புரிஞ்சது. ஊசி ஒடிஞ்சா மாத்தலாம். பாபின் மாத்தலாம். மோட்டார்கூடப் பின்னாடி போட்டுக்கலாம். எங்கம்மாவும் அப்படித்தான் போட்டாங்க. ஆனா மெஷின் பாடி சரியில்லைன்னா எந்த ஊசி போட்டும் தையல் நேரா வராது. கம்ப்யூட்டருக்குப் பாடி மதர்போர்டுதான்.

போர்டில் நாம் கவனிக்காத ஒரு பகுதி இருக்கு. பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை பிராசஸருக்குத் தேவையான ஒன்றேகால் வோல்ட் அளவுக்குக் குறைச்சுக் கொடுக்கும் பகுதி. விஆர்எம் என்று சொல்றாங்க. சாக்கெட்டைச் சுற்றி வரிசையா இருக்கும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அதன்மேல் சூட்டை இறக்கும் அலுமினியத் துண்டு இருக்காது. அதில் அதிக கரண்ட் இழுக்கும் பிராசஸரைப் போட்டால் அந்த இடம் சூடாகும். உடனே பிராசஸர் வேகத்தைக் குறைச்சுக்கும். பணம் பெரிய பிராசஸருக்குக் கொடுத்தோம், கிடைக்கிறது சின்ன பிராசஸரின் வேலை.

இப்போ எங்க கதைக்கு வர்றேன். போன சனிக்கிழமை அண்ணனும் நானும் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு ஐ5-12400எஃப் பிராசஸரும் எச்610 போர்டும் சேர்த்து விலை சொன்னார். "கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த வருஷம் போட்டுக்கலாம் தம்பி" என்றார். அண்ணன் தலையாட்டிட்டான். நான், "அண்ணா, பின்னாடி எஃப் இருந்தா பிராசஸருக்குள்ள கிராஃபிக்ஸ் இருக்காதே, கார்டு இல்லாம படமே வராதே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கல. அண்ணனைப் பார்த்து, "பாப்பாவுக்கு ஒரு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுங்க தம்பி" என்று சிரிச்சார்.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா நான் கேட்டது சரியான கேள்வி. இன்டெல் பிராசஸரில் எஃப் என்ற எழுத்து வந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு வாங்க எங்களிடம் காசும் கிடையாது. அடுத்த வருஷம் வரைக்கும் கறுப்புத் திரையைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். வாங்காமல் திரும்பிட்டோம். அண்ணன் இரண்டு நாள் என்கூடப் பேசவே இல்லை. கடையில் எல்லார் முன்னாடியும் அவனை அவமானப்படுத்திட்டேனாம்.

அம்மாதான் தைச்சுக்கிட்டே கேட்டாங்க: "எதை வாங்கினா நாளைக்கு மறுபடி என்கிட்ட வந்து காசுன்னு நிக்க மாட்டீங்க?" இதைவிட நல்ல கேள்வியை நான் எங்கேயும் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்கு நான் நோட்டில் எழுதிப் பார்த்த பதில் இது. மாமா வேலை செய்யும் ஆபீசில் கழிச்ச கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் கொடுத்திருக்கார். 2025 கடைசியில் ரேம் விலை எகிறினது எல்லாருக்கும் தெரியும். கையில் இருப்பதை விட்டுட்டு டிடிஆர்5 வாங்குவது எங்களுக்குக் கட்டாது. அதனால ஏஎம்5 ஆசையை விட்டுட்டோம்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, டிடிஆர்4 போர்டில் எஃப் இல்லாத ஐ3-12100. படம் வரும், பாடம் படிக்கலாம். ஆனா அதில் உள்ள கிராஃபிக்ஸ் கேமுக்கு ரொம்பச் சோனி. இன்னொன்று, ரைசன் 5 5600ஜி. 2021 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். உள்ளேயே ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் இருக்கு. மைன்கிராஃப்ட், வேலரன்ட் மாதிரி கேம்களை செட்டிங்ஸ் குறைச்சு விளையாடலாம். பெரிய புதுக் கேம்கள் ஓடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இது ரேமைத்தான் கிராஃபிக்ஸுக்கும் பயன்படுத்தும். அதனால ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி போடுவதுதான் வேகம். எங்களிடம் இருப்பதும் அதுதான்.

என் ஓட்டு 5600ஜிக்கும் பி550 போர்டுக்கும். இதற்கு ஏ520 போர்டே போதுமே, காசு மிச்சம்தானே என்று அண்ணன் கேட்கிறான். நியாயமான கேள்வி. 5600ஜிக்கு மட்டும் என்றால் ஏ520 போதும்தான். ஆனா அடுத்து கார்டு போடணும், எட்டு கோர் பிராசஸர் போடணும் என்று அவனேதான் சொல்றான். 5600ஜியில் கார்டுக்கான வழி பிசிஐஇ 3.0 தான். நாளைக்கு அதை எடுத்துட்டு 5700எக்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டால், பி550 போர்டில் அதே வழி 4.0 ஆகிடும். ஏ520இல் எப்பவும் 3.0 தான். போர்டை மாத்தணும்னா மொத்தத்தையும் கழட்டணும். பிராசஸர் மாத்துவது அரை மணி நேர வேலை.

இதிலும் ஒரு குறை இருக்கு. ஏஎம்4 பழைய சாக்கெட். 2017இல் ரைசன் அதில்தான் தொடங்கிச்சு. புதுத் தலைமுறைகள் இனி அதில் வராது. கையில் அதிகப் பணம் இருப்பவங்க ஏஎம்5 போவதுதான் சரி. நான் எழுதுவது எங்களை மாதிரி எண்ணி வெச்ச பணத்தோட கடைக்குப் போறவங்களுக்கு.

கடைக்குப் போகும் முன் இந்த ஐந்து கேள்வியை நோட்டில் எழுதிட்டுப் போங்க:

1. இந்தப் பிராசஸர் எந்த வருஷம் வந்தது?

2. இதற்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கா? இல்லைன்னா கார்டுக்குக் காசு இன்றைக்கே இருக்கா?

3. சாக்கெட்டும் ரேம் வகையும் போர்டோடு பொருந்துதா?

4. போர்டில் இருக்கும் பயாஸ் இந்தப் பிராசஸருக்கு ஏற்றதா? (பி550 போர்டு 2020 ஜூனில் வந்தது, 5600ஜி அதற்கு அப்புறம். பழைய ஸ்டாக் போர்டு என்றால் பயாஸ் புதுப்பிக்காமல் படமே வராமல் போகலாம். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்க.)

5. இரண்டு வருஷம் கழிச்சு இதே போர்டில் எதை மாத்தலாம்?

கேள்வி கேட்டால் சிரிப்பாங்க. பொண்ணு கேட்டால் இன்னும் கொஞ்சம் அதிகமா சிரிப்பாங்க. சிரிச்சா சிரிக்கட்டும். பணம் நம்ம அம்மாவோடது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் லேபில் மூலையில் ஓடாமல் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை ஒரு நாள் எங்கள் முன்னால் திறந்து காட்டுங்க. பாடப் புத்தகத்தில் படமாப் பார்த்த மதர்போர்டை நாங்க கையால் தொட்டுப் பார்க்கணும். ஒரு தடவை பார்த்தவங்களை யாரும் லைட்டைக் காட்டி ஏமாத்த முடியாது.

வர்ற சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போறோம், வேற கடைக்கு. அண்ணன் இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா நேற்று ராத்திரி என் நோட்டைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கான்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி