லைபீரியாவின் குத்தகைகள்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா தேசம் 1989-க்கும் 2003-க்கும் இடையே இருமுறை உள்நாட்டு யுத்தத்தில் வெந்தது. காட்டு மரம் விற்ற பணம் ஆயுதமாயிற்று. ஆதலின் ஐ. நா. பாதுகாப்புச் சபை 2003-ல் அம்மரத்துக்குத் தடை விதித்தது. 2006-ல் பதவியேற்ற எல்லன் ஜான்சன் ஸர்லீப் அம்மையார் பழைய மரக் குத்தகைகளை அடியோடு ரத்து செய்தார், தடையும் நீங்கிற்று. மித்தல் கம்பெனியின் இரும்புச் சுரங்க ஒப்பந்தமும் திருத்தி எழுதப்பட்டது. கம்பெனிகள் கொடுத்ததும் சர்க்கார் வாங்கியதும் ஒப்பந்தங்களும் பகிரங்கமாக வேண்டுமென்று 2009-ல் சட்டமும் பிறந்தது.

சட்டம் நன்று, அமுல் எப்படி? 2013-ல் வெளிவந்த தணிக்கை, பரிசீலித்த 68 குத்தகைகளில் முற்றிலும் முறைப்படி வழங்கப்பட்டவை இரண்டே என்றது. இக்குறையை அம்பலமாக்கியதும் அச்சட்டத்தின் வழி வந்த தணிக்கையே என்பதை மறத்தலாகாது. ஆனால் நோயை அறிவதே சிகிச்சையாகிவிடாது. தணிக்கையில் தவறென்று கண்ட குத்தகையை நியாயஸ்தலம் விசாரித்துத் தள்ளவும், வழங்கிய அதிகாரி பதில் சொல்லவும் வழி வேண்டும்.

மண்ணின் செல்வம் ஜனங்களுடையது. சர்க்கார் அதற்குத் தர்மகர்த்தாவேயன்றி உடையவரல்லர். கணக்கைக் காட்டிவிட்டுத் தவறைத் திருத்தாத தர்மகர்த்தாவை எந்தச் சட்டமும் மெச்சாது. யுத்தத்திலிருந்து மீளும் தேசங்கள் யாவும் இதை மனத்திற் கொள்ளுக.