தன் வாயாற் கெடும் தவளை

கிணற்றடிக்குப் போனாற் பேசலாம். உள்வீட்டுக்கு வந்தாற் குரல் அறுந்துவிடும். இத்தகைய கைத்தொலைபேசியோடு மல்லுக்கட்டாத குடும்பம் நம் வாசகரிடையே அரிதாகவே இருக்கும். உடனே நாம் பழிப்பது ஊர்க்கோடியிலுள்ள கோபுரத்தை. பல வேளைகளில் அப்பழி நியாயமானதே. ஆயினும், ஒரே முற்றத்தில், ஒரே நிறுவனத்தின் இணைப்பில், தமையனின் தொலைபேசி தெளிவாய்ப் பேச, தங்கையின் தொலைபேசி மட்டும் திக்குமாயின், கையிலுள்ள கருவியையே நாம் ஐயுறல் வேண்டும். கருவியின் கேட்குந் திறன் குறைவது ஏன், அதனைக் கண்டறிவது எங்ஙனம் என்பவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

கருவி கேட்கவேண்டிய அலை எத்துணை மெல்லியது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். ஜி.எஸ்.எம். எனப்படும் இரண்டாந் தலைமுறை முறையை உதாரணமாகக் கொள்வோம். அதன் 900 மெகாஹேர்ட்ஸ் பட்டையிற் பேசுங்கால், கைத்தொலைபேசி 2 வாற்று வரை வலுவைச் செலுத்தலாம். கேட்கும்போதோ நிலைமை வேறு. ஒரு வாற்றை இலட்சங் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மேலும் 16 கூறாக்கினால், அக்கூறொன்றின் அளவேயான அலையையும் அது விளங்கிக்கொள்ளுதல் வேண்டும் என்பது நியமம்.

இந்நுண்மைக்கு இயற்கை ஓர் எல்லை வகுத்துள்ளது. வெப்பமுடைய எப்பொருளிலும் இலத்திரன்கள் ஓயாது துடிக்கின்றன. அத்துடிப்பே கருவியில் இரைச்சலாகின்றது. ஜோன்சன் என்பார் இதனை அளந்தும், நைக்குவிஸ்ற் என்பார் கணித்தும், 1928 இல் வெளியிட்டனர். 200 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில், சாதாரண வெப்பநிலையில் எழும் இவ்விரைச்சலை ஒரு பங்கென்று கொண்டால், மேற்கூறிய மெல்லலை ஏறக்குறைய 80 பங்காகும். பேச்சைப் பிரித்தெடுக்க, அலையானது இரைச்சலைப்போல் ஏறக்குறைய 8 மடங்காதல் இருத்தல் வேண்டும். ஆகவே, கருவி தன் குறைபாடுகளால் இரைச்சலை 10 மடங்கு வரை மிகுவிக்கலாம். அதற்கு மேற் செல்ல இடமில்லை.

இங்கே மற்றோர் உண்மையும் உண்டு. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரல்ட் ஃப்றீஸ் 1944 இல் அதனைத் தெளிவாக நிறுவினார். தொடராயமைந்த உறுப்புக்களுள் முதலில் நிற்பவையே இரைச்சற் கணக்கைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அன்ரெனாவுக்கும் முதற் பெருக்கிக்கும் இடையிலுள்ள ஆளியிலோ வடிகட்டியிலோ அலையின் பாதி தொலைந்துவிட்டால், பின்னர் எத்தனை பெருக்கிகளை வைத்தாலும் அது மீளாது. அவை அலையைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தன்றோ பெருக்கும்?

இவ்வறிவோடு, எமது பழைய மாணவர் ஒருவர் கூறிய சம்பவத்தைக் கேட்போம். அவர் வெளிநாடொன்றிற் கைத்தொலைபேசி வடிவமைக்குங் குழுவிற் பணியாற்றியவர். அவர்கள் ஆக்கிய மாதிரிக் கருவி சில ஊர்களில் நன்றாய்ப் பேசிற்று. சில ஊர்களிலோ கோபுரத்தின் அருகேயும் திக்கிற்று. பெருக்கியே குற்றவாளி என்று முடிவுகட்டி, அதனை மாற்றினர். பின் வடிகட்டியை மாற்றினர். “மூன்று வாரம் வீணாயிற்று, சேர்” என்றார் அவர்.

ஈற்றில் ஓர் இளம் பொறியியலாளர், மாற்றுவதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்கினார். அப்பட்டையிலுள்ள 124 அலைவரிசைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, அவற்றை வரைபடமாக்கினார். எல்லா அலைவரிசைகளிலும் திறன் ஒரே அளவாய்க் குறைந்திருப்பின், முன்னுறுப்புக்களில் இழப்பு உண்டென்று கொள்ளலாம். பட்டையின் ஓரங்களில் மட்டும் குறைந்திருப்பின், வடிகட்டியின் பொருத்தத்தை ஐயுறலாம். வரைபடம் காட்டியதோ இரண்டே பள்ளங்கள்: 5 ஆம் அலைவரிசையிலும் 70 ஆம் அலைவரிசையிலும். அவற்றிற் கருவி கேட்கும் மீடிறன்கள் முறையே 936, 949 மெகாஹேர்ட்ஸ்.

மாணவர்களே, இவ்விரண்டு எண்களையும் 13 ஆல் வகுத்துப் பாருங்கள். 72, 73 என மிச்சமின்றி வரும். கருவியின் உள்ளே கணிப்பு வேலைகளை ஒழுங்குபடுத்தும் மணித்துடிப்பின் மீடிறன் 13 மெகாஹேர்ட்ஸ்! கூரிய விளிம்புடைய துடிப்பு, தன் மீடிறனின் மடங்குகளையும் எழுப்புதல் இயல்பு. அடுத்து, அன்ரெனாவைக் கழற்றிக் கம்பிவழியே சோதனை அலையைச் செலுத்தினர், பள்ளங்கள் மறைந்தன. அன்ரெனாவைப் பூட்டினர், பள்ளங்கள் மீண்டன. துடிப்பின் 72 ஆம், 73 ஆம் மடங்குகள் சுற்றுப்பலகையிலிருந்து வெளியே கசிந்து, சொந்த அன்ரெனாவிலேயே புகுந்து, தொலைவிலிருந்து வந்த மெல்லலையை மூடிவிட்டன. தவளை தன் வாயாற் கெடும் என்பது இதுவன்றோ! பெருக்கி முழு நிரபராதி. துடிப்புக் கம்பியைப் பலகையின் உட்படைக்கு மாற்றி, சிறு தடையொன்றால் அதன் விளிம்பை மழுக்கி, உலோக மூடியைச் செவ்வனே நிலத்தொடுப்புச் செய்ததும் குறை தீர்ந்தது.

நான்காந் தலைமுறைக் கருவிகளில் இவ்விடர் இன்னும் நுட்பமானது. அவற்றுட் பல, பேசிக்கொண்டே கேட்பவை. திரையும் கமராவும் தத்தம் இரைச்சலையும் சேர்க்கும். வீட்டிலும் நாம் சிறு சோதனைகள் செய்யலாம். உலோக உறையைக் கழற்றிப் பார்த்தல், மின்னேற்றும்போதும் ஏற்றாதபோதும் ஒப்பிடல், அதே நிறுவன இணைப்புடைய வேறொரு தொலைபேசியை அதே இடத்தில் வைத்துப் பார்த்தல் என்பன அவை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள், கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் நோயாளிக்கு வண்டி அழைக்கும்போது, அந்த மெல்லலையே ஓர் உயிரைத் தாங்கும் நூலாகலாம். அதனைக் காத்தது விலையுயர்ந்த புதிய உறுப்பன்று. 124 புள்ளிகளையும் பொறுமையோடு குறித்த ஒரு கை. பரீட்சைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள், விடையைத் தேடி ஓடுமுன் அளந்து பார்க்கும் அப்பழக்கத்தைக் கைக்கொள்வார்களாக.